சிவப்பு குறைந்த வருடம்

என் அத்தானுக்கு வாய் கிடையாது. கண்தான் உண்டு. கார் பழுது பார்க்கும் பட்டறையில் பெயிண்ட் கலக்குகிறவர். எங்கோ இடித்துக்கொண்டு வந்த காருக்குப் புதுக் கதவு போட்டால், அந்தக் கதவு மற்ற பாகங்களோடு நிறத்தில் ஒட்ட வேண்டும். கம்பெனி கொடுக்கும் கலர் நம்பரைப் பார்த்து அப்படியே கலந்தால் ஒட்டாது, ஏனென்றால் கார் வருடக்கணக்காக வெயிலில் நின்று வேறு நிறமாகியிருக்கும். அங்கேதான் அத்தான் வேண்டும். காரைச் சுற்றி வருவார், கண்ணைச் சுருக்குவார், டப்பாவில் ஒரு சொட்டு நீலம் விடுவார், யோசித்து ஒரு துளி கறுப்பு விடுவார். அதை ஒரு சின்னத் தகட்டில் அடித்துக் காயவைத்துக் காரின் மேல் வைத்துப் பார்ப்பார். தகடு எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. அதுவரைக்கும் முதலாளியே வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பட்டறையில் அவருக்குக் கலர் மாஸ்டர் என்று பெயர்.

அவரைக் கட்டிக்கொண்டவள் என் அக்கா. நான் தையல்காரி. அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் என் கடை இருக்கிறது. வாய் எனக்கு உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு என்பாள் அக்கா. இந்தக் கதையை அத்தான் சொல்ல மாட்டார். அக்கா சொன்னால் பாதியில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாள். ஆகவே நான் சொல்கிறேன்.

செடியில் தொடங்க வேண்டும். ஒருமுறை முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின் சீட்டில் வாளிக்குள் ஒரு தொட்டி, தொட்டியில் நெட்டுக்குத்தாக நாலைந்து குழாய்கள், ஒவ்வொன்றின் வாய்க்கு மேலும் குடை பிடித்தது போல ஒரு மூடி. கார் தயாரானதும் உரியவர் காரை மட்டும் எடுத்துக்கொண்டார். "செடிய நீங்களே வச்சுக்குங்க. அதப் பாத்தாலே எனக்கு பிரேக் சத்தம் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தான் அதை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க இது, பூவா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல. இலை."

"இலை எப்படிங்க குழாய் மாதிரி இருக்கும்?"

அதற்குள் ஒரு எறும்பு அந்தக் குழாய்க் குடுவை ஒன்றின் உதட்டில் ஏறி, அங்கே கசிந்திருந்த தேனை நக்கி, கால் வழுக்கி உள்ளே விழுந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். எறும்பு திரும்பி வரவில்லை. "உசுரத் தின்னுற செடியெல்லாம் வீட்டுக்குள்ள வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவர்கள் இருந்தது கடைசி மாடி, மேலே மொட்டை மாடி சும்மா கிடந்தது. செடி மேலே போயிற்று. அத்தானும் அதன் பின்னாலேயே போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் கீழே வந்தார்.

பூச்சி தின்னும் விஷயம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவரைப் பிடித்தது அந்தச் சிவப்பு. குடுவையின் மேல்பாதி வெள்ளை. அந்த வெள்ளையில் நரம்பு நரம்பாகச் சிவப்பு ஓடி, வாய்க்கருகே சேர்ந்து, தொண்டைக்குள் இருட்டாக இறங்கியது. "இத என்னால கலக்க முடியலம்மா" என்று அக்காவிடம் சொன்னாராம். முடியவில்லை என்று அந்த மனிதர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கடையில் வேலை இல்லாத நாளில், "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன் அத்தான்" என்பேன். "ஓட்டாத, பிடிச்சுக் குடு. நம்ம வீட்ல சாப்பிட ஆள் இருக்கு" என்பார். அவர் சொன்ன நகைச்சுவை மொத்தமே அது ஒன்றுதான். அதையே பல வருடம் சொன்னார்.

அந்தச் செடியின் குணம் நம் வீட்டுச் செடிகளின் குணத்துக்கு நேர் எதிர். நாம் பாவம் பார்த்தால் அது செத்துப்போகும். முதல் வருடம் அக்கா இரக்கப்பட்டு நாலு கைப்பிடி உரம் போட்டாள், ஒரு பக்கக் கிழங்கு அழுகிவிட்டது. மறுமுறை மழைத்தண்ணீர் தீர்ந்துபோனதால் குழாய்த் தண்ணீர் ஊற்றினாள், இலையின் ஓரமெல்லாம் கருகியது. குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்பு அதற்கு ஆகாது. அத்தான் அப்போது கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மொட்டை மாடியில் ஒரு டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தார். மக்கிய பாசியும் மணலும் கலந்த சத்தில்லாத மண், தொட்டிக்கு அடியில் எப்போதும் தட்டு நிறைய மழைத்தண்ணீர், தலைக்கு மேலே நாள் முழுக்க வெயில். அவ்வளவுதான் அதற்கு வேண்டும். நிழலில் வைத்தால் குடுவை உயரமாக, பச்சையாக, சோம்பிப்போய் வளரும். வெயிலில் காயவிட்டால்தான் சிவப்பு ஏறும். குளிர் காலத்தில் இலையெல்லாம் காய்ந்து தூங்கிவிடும், பிறகு வெயில் ஏற ஏறப் புதுக் குடுவைகள் வரும். பிரித்து நடுவதும் வெட்டுவதும் அது தூங்கும்போது மட்டும்தான். ஒரு தொட்டி பத்துப் பதினைந்து தொட்டியானது இப்படித்தான்.

வருடத்துக்கு ஒருமுறை, சிவப்பு உச்சத்துக்கு வரும் சமயத்தில், அத்தான் பட்டறையில் மிஞ்சிய பெயிண்டை எடுத்துவந்து தாய்ச்செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். கலந்து கலந்து பார்த்து, ஒரு தகட்டில் அடித்து, குடுவையின் பக்கத்தில் வைப்பார். பிறகு அந்தத் தகட்டை மாடிச் சுவரில் கம்பியில் தொங்கவிடுவார். அப்படி ஒரு வரிசையே தொங்கியது. ஒரு வருடம் மட்டும், கிட்டத்தட்ட பிடித்துவிட்டேன் என்று அவருக்கே தோன்றியபோது, அந்தத் தகட்டைக் கீழே கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். "இது வெளிய வேணாம். நீ வச்சுக்க."

கட்டின மனைவிக்குத் தகரத்தைப் பரிசாகக் கொடுத்த ஆள் என்று நான் கேலி செய்தேன். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. துணி அலமாரியில் தன் துணிக்கும் அவர் துணிக்கும் நடுவில் அதைத் தடுப்பாக நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

சிவப்பு குறைந்த வருடத்துக்கு இனி வருகிறேன். அந்த வருடம் குளிர் முடியும்போதே அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். படுக்கையறைக்குக் கிரீம் நிறம் வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரே கலந்து அவரே அடித்தார். நான் போய்ப் பார்த்தேன். சுவர் வெளிர் நீலமாக, நீச்சல் குளத்தின் அடி மாதிரி இருந்தது.

"கிரீம் நல்லா இருக்குல்ல?" என்றார் அத்தான், கையைத் துடைத்துக்கொண்டே.

நான் அக்காவைப் பார்த்தேன். "நல்லா இருக்குங்க" என்றாள் அவள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? ஏதோ அவர்களுக்குள் ஒரு பேச்சு போல என்று வந்துவிட்டேன். அந்த வாரமே ஒருநாள் அக்கா பக்கத்துக் கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். "என்னக்கா இங்க?" என்றேன். "சும்மாதான், ஒருத்தருக்காக விசாரிக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது. புதுக் குடுவைகள் வந்தன. அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவ செவப்பு ஏறல."

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தது. "போன வருஷம் மாதிரியேதானே அத்தான் இருக்கு?" என்றேன். "நீ நூலுக்குக் கலர் பாக்குறவ. இது வேற" என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

தொட்டிகளை மேற்கிலிருந்து கிழக்கே மாற்றினார், பிறகு கிழக்கிலிருந்து மேற்கே மாற்றினார். துணிக்கொடியின் நிழல் விழுகிறது என்று அக்காவின் கொடியை அறுத்தார். மண்ணை மாற்றினார். ஒன்றுக்கும் சிவப்பு ஏறவில்லை என்றார். கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார்.

"குழாய்த் தண்ணி ஊத்தினியா?"

"இல்லங்க."

"ஒரு தடவ ஊத்தினவதானே நீ?"

எத்தனையோ வருடத்துக்கு முன்னால் நடந்தது, சிரித்துவிட்டு மறந்தது, இப்போது குற்றமாகிவிட்டது. அடுத்த நாள் மழைத்தண்ணீர் டிரம்முக்கு ஒரு பூட்டுப் போட்டார். சாவி அவர் சட்டைப் பையில். வீட்டில் பணத்துக்குப் பூட்டில்லை, தண்ணீருக்குப் பூட்டு. அக்கா என் கடைக்கு வந்து, வெட்டிப் போட்ட துண்டுத் துணி ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் கத்தினாக்கூடப் பரவால்லடி. பூட்டிட்டார் பாரு" என்றாள். எனக்கு அப்போதே போய் அந்தப் பூட்டை உடைக்கலாமா என்று ஆத்திரம்.

அக்கா சும்மா இருக்கவில்லை. சுவரில் தொங்கிய பழைய தகடுகளைக் காட்டி, "இந்தத் தகடும் இலையும் ஒரே மாதிரிதானேங்க இருக்கு? அப்புறம் எப்படிக் கொறஞ்சுதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. அத்தான் அதற்கும் பதில் வைத்திருந்தார். "தகடும் வெளுத்துப் போச்சு. செவப்பு வெயிலுக்கு நிக்காது. எந்தப் பெயிண்டரக் கேட்டாலும் சொல்லுவான்."

அது உண்மைதான். எந்த நிறத்தையும்விடச் சிவப்புத்தான் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். தெருவில் நிற்கிற பழைய சிவப்புக் கார்களின் மேல்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். தொழில் தெரிந்தவர் தொழிலை வைத்துப் பேசும்போது நாங்கள் என்ன பேச முடியும்? தெரியாத ஒருவராக இருந்திருந்தால் இலையும் தகடும் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து அங்கேயே விழித்துக்கொண்டிருப்பார். அத்தானுக்குத் தொழில் தெரியும். அதுதான் அவரை ஏமாற்றியது.

பிறகு டிங்கர் அண்ணன் என் கடைக்கு வந்தார். பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவர், அத்தானோடு சேர்ந்தே தலை நரைத்தவர். கால்சட்டை நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மாஸ்டர் வீட்ல ஏதாவது சொன்னாராம்மா?"

"என்ன சொல்லணும்?"

"வெள்ளக் கார் ஒன்னு. மாஸ்டர் அடிச்ச கதவு நீலமா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி அடிச்சார். அதுவும் நீலம். ட்யூப்லைட்ட மாத்திட்டாங்க, கண்ணு கூசுது, அதான்னு சொல்றார். நாங்களும் ஆமா மாஸ்டர்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். இப்ப முதலாளி கலக்குற மேசைல வேற ஆள உக்கார வச்சுட்டார். மாஸ்டருக்குத் தேய்க்கிற வேல."

உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலை பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுப்பது. அத்தானிடம் இருந்ததெல்லாம் அந்தக் கண் ஒன்றுதான், அந்த மேசை ஒன்றுதான். அது போனால் அவர் யார்? அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும்டி. சட்டையில தேய்ச்ச தூசிதான் வருது. பெயிண்ட் வாசமே இல்ல" என்றாள்.

"கேக்கலையா நீ?"

"அவரா சொல்லாதத நான் எப்படிடீ கேக்குறது?"

அப்போதுதான் அந்தச் செடி விஷயம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பட்டறையில் கதவு நீலமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறது, அவருக்கு நீலம் தெரியவில்லை. மாடியில் மட்டும், தன் செடிகளுக்கு நடுவில், எங்கே கோளாறு என்று தானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், தான் இன்னும் கலர் மாஸ்டர்தான் என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அந்தப் பாடு.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், நல்ல வெயில். அக்கா போனில் கூப்பிட்டாள். "உடனே வாடி. கத்தியத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறார்."

கத்தி என்றதும் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடினேன். செடியை வெட்ட என்பதை மாடிப்படியில் வைத்துத்தான் சொன்னாள். அவளைத் திட்டக்கூட எனக்கு மூச்சில்லை.

மேலே அத்தான் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்துவிட்டார். வேர்கள் வெயிலில் கிடந்தன. பக்கத்தில் கத்தி.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"எல்லாத்தையும் கிழங்கு வரைக்கும் வெட்டிட்டு, வேரக் கழுவி, புதுசா வைக்கப் போறேன். எல்லாத் தொட்டியும்."

"இந்த வெயில்லயா? தூங்குறப்ப மட்டும்தான் கிழங்கத் தொடணும்னு நீங்கதானே சொல்வீங்க? செத்துடும் அத்தான்!"

"இருந்து மட்டும் என்ன? பாரு, துருப்பிடிச்ச இரும்பு மாதிரி நிக்குது."

நான் பார்த்தேன். சாக்கின் மேல் சாய்ந்து கிடந்த குடுவை செக்கச்செவேல் என்று இருந்தது. "இவ்வளவு செவப்பா இருக்கே அத்தான்" என்றேன். "நீ கீழ போ" என்று கத்தினார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அதுவரை இல்லை. நானும் பதிலுக்குக் கத்தத் தயாரானேன். ஆனால் அதற்குள் அக்கா கீழே இறங்கிப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் அலமாரித் தகடு இருந்தது. அவர் அவளுக்கென்று கொடுத்த தகடு.

"இந்தாங்க. இது வெயிலே படாதது. இதோட வச்சுப் பாருங்க. இலையில செவப்பு கொறஞ்சிருந்தா நான் ஊத்தின தண்ணிதான் காரணம்னு ஒத்துக்கறேன். அப்புறம் வெட்டுங்க."

தன் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ளத்தான் அவள் கொண்டுவந்தாள். வேறொன்றும் அவள் மனதில் இல்லை. அத்தான் நம்பிக்கையோடு வாங்கினார். இது வெளுக்காத தகடு, இதில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். குடுவையைத் தூக்கித் தகட்டின் மேல் வைத்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். சட்டை நுனியால் தகட்டைத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"இதுவும் வெளுத்திருக்கு" என்றார்.

"அலமாரிக்குள்ள ஏதுங்க வெயில்?" என்று அக்கா கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, தகட்டைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்தார், சுவரில் தொங்கிய தகடுகளின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் நீட்டினார்.

"சின்னவளே, நீ சொல்லு. இது என்ன நெறம்?"

"சிவப்பு அத்தான். நல்ல அடர்த்தியான சிவப்பு. ஓரத்துல கொஞ்சம் ஊதா அடிக்குது."

"ஊதாவா?"

"ஆமா."

"எனக்கு ஊதா தெரியல" என்றார். ஒரு டப்பா வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கூடினாலும் கண்டுபிடிக்கிற மனிதர். சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ செடி இல்ல" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. அத்தனை நாளும் அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அக்காதான் முதலில் அசைந்தாள். கத்தியை எடுத்துத் தூர வைத்தாள். வேர் காய்கிறதே என்று குனிந்து, தாய்ச்செடியைத் தொட்டியில் நிறுத்தி, மண்ணை அள்ளி அணைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவி."

அவர் சட்டைப் பையிலிருந்து டிரம்மின் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவளே திறந்து, மழைத்தண்ணீரை மொண்டு ஊற்றினாள். பூட்டை மறுபடி மாட்டவில்லை.

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். நன்றாக முற்றியிருக்கிறதாம். கண்ணுக்குள் இருக்கிற கண்ணாடி வயதாக ஆக மஞ்சளாகிவிடும், அதன் வழியாகப் பார்க்கும்போது நீலமும் ஊதாவும் காணாமல் போகும், மெதுவாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது என்று விளக்கினார். அத்தானுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "பழைய வார்னிஷ் மாதிரி" என்றார். டாக்டர், அதேதான் என்றார்.

புரிந்தது என்பதற்காக ஒத்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் அறுவை சிகிச்சை என்றதும் பின்வாங்கினார். "கண்ணுல கத்தி வைக்கிறதெல்லாம் வேணாம்." "செடியில வைக்கப் போனீங்களே" என்றாள் அக்கா. பூட்டுப் போட்டதற்கு அவள் பதிலுக்கு எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் பயம் கத்தி பற்றியதே அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து, நூல் கண்டுகளைப் பார்த்தபடி சொன்னார். "புதுக் கண்ணாடி வச்சா எல்லாம் வேற மாதிரி தெரியும்ல? நான் கத்துக்கிட்டதெல்லாம் பழைய கண்ணுல. திரும்பி வர்ற கண்ணு என்னோட கண்ணா இருக்குமா?" "வந்தா தெரிஞ்சுடும் அத்தான். வராட்டி இங்க வந்து பட்டன் தைங்க" என்றேன். சிரித்தார். போகும்போது, "ஈ பிடிச்சு வை" என்றார். சரி, ஆள் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு கண்ணும் முடிந்த பிறகு அவர் கலக்கும் மேசைக்குத் திரும்பியதும், அந்த வெள்ளைக் காரை வரவழைத்துக் கதவைத் தானே மறுபடி அடித்துக் கொடுத்ததும் பின்னால் நடந்தவை. டிங்கர் அண்ணன் அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல வந்தது முதல் கண்ணின் கட்டைப் பிரித்த நாளை.

ஒரு கண்ணைத்தான் முதலில் செய்வார்கள். அது ஆறிய பிறகே அடுத்தது. ஆகவே அன்று அத்தானுக்கு ஒரு கண் புதிது, ஒரு கண் பழையது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம்.

தாய்ச்செடி அன்றைக்கு வேர் காய்ந்ததில் இரண்டு குடுவைகளை இழந்திருந்தது. மற்றவை நின்றன. புதிதாக ஒன்று வந்து, அதன் மூடி அப்போதுதான் திறந்திருந்தது. அத்தான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையால் புதுக் கண்ணை மறைத்துப் பார்த்தார். பிறகு பழைய கண்ணை மறைத்துப் பார்த்தார். மறுபடி இது, மறுபடி அது.

"இதுல துரு" என்றார். கையை மாற்றினார். "இதுல..." சுவரில் தொங்கிய தகடுகளைப் பார்த்தார். "ஒன்னுகூட வெளுக்கல" என்றார். எழுந்து ஒவ்வொரு தகடாகத் தொட்டுக்கொண்டே போனார். பிடித்து வைத்த சிவப்பெல்லாம் அங்கேயே இருந்தது, அவர் கண்ணுக்குத் தெரியாத சமயத்திலும் இருந்தது. அக்கா மட்டும் நடைமுறையாக, "வெயில்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார், கீழ வாங்க" என்று அதட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

படுத்துக்கொள்ளட்டும் என்று படுக்கையறைக்கு அழைத்துப் போனோம். அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, நீலம்?"

அக்கா தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "கிரீம்ங்க."

"இது கிரீமா? யார் அடிச்சது?"

"நீங்கதான்."

அத்தான் புதுக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "இதுல கிரீமாத்தான் இருக்கு" என்றார், அடிவாங்கிய குரலில். கையை எடுத்தார். நாலு சுவரும் நீலம். இதற்கு நடுவில்தான் இத்தனை மாதமும் இரண்டு பேரும் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கிரீம்னு சொன்னீங்க. கலர்ல உங்க கண்ணு தப்பாகுமா? எனக்கு நீலமாத் தெரிஞ்சுது. சரி, என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன்." அக்கா என் பக்கம் கை காட்டினாள். "இவ கடைக்குப் பக்கத்துல கண்ணாடிக் கடையில போயி டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒருத்தருக்காக விசாரிக்க வந்தேன் என்று சொன்னது இதுதானா!

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அத்தான்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு, ஒரு கோளாறும் இல்லன்னாங்க." அக்கா தலையணையை அதன் இடத்தில் வைத்தாள். "நான் நம்பல. அவங்க மெஷின்லதான் ஏதோ தப்புன்னு வந்துட்டேன்."

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். புதுக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.